நான் எப்படி இருந்தேன் என்று கேட்டவன்

பழைய கதை எதையும் அவனிடம் பாதியில் நிறுத்த முடியாது. "அப்ப நான் என்ன பண்ணுனேன்?" என்பான். சொன்னால், "என்ன சட்டை போட்டிருந்தேன்?" என்பான். அதையும் சொல்லிவிட்டால், "சிரிச்சேனா, உம்முன்னு இருந்தேனா?" என்று கேட்டுவிட்டுச் சொல்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். கையிலிருக்கும் டீயில் ஆடை படிந்துவிடும். குடிக்க மாட்டான்.

எங்கள் விளாங்குடி வீட்டு மாடியில் அவன் தன் அக்காவோடும் அக்காவின் கணவரோடும் சில வருடங்கள் குடியிருந்தான். முப்பதைத் தாண்டியவன். நல்ல உயரம். இடது புருவத்தில் தொடங்கி முடிக்குள் போய் மறையும் ஒரு தழும்பு. கப்பலூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. அக்காவுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அவர் கணவரும் அதே கடையில்தான் தராசுப் பக்கம் நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் பிள்ளை, தம்பி, மாப்பிள்ளை எல்லாம் இவன் ஒருவனே.

அவனுக்குப் பழைய ஞாபகம் எதுவும் கிடையாது என்பது தெரு முழுக்கத் தெரியும். பத்தாம் வகுப்பில் பெயிலாகி, அக்காவிடம் ஒரு அறை வாங்கி, அன்றே வடக்கே ரயிலேறிப் போன தம்பி. எங்கோ ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைந்துகொண்டு, வருடக்கணக்கில் தகவலே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் போனில் "அக்கா, வாரேன்" என்றானாம். அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா மார்க்கெட் முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அவன் ஏறி வந்த லாரி, வாடிப்பட்டியைத் தாண்டி, ரோட்டோரம் நின்றிருந்த இன்னொரு லாரியின் பின்னால் போய் மோதியது. டிரைவர் அங்கேயே முடிந்துபோனார். இவன் பிழைத்தான். பேச்சு வந்தபோது தன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த பையில் ஒரு சேலையும், அக்காவின் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டும் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் போயிற்று. முகம் வீங்கி, தலையெல்லாம் கட்டுப் போட்டுக் கிடந்தவன் பக்கத்தில் நின்று, "எந்தம்பிதான்" என்றார் அக்கா. அரை டவுசர் வயதில் போனவன் மீசையோடு வந்திருந்தான். இனி என்ன அடையாளம் பார்ப்பது?

எனக்குத் தேதிகளின் மேல் ஒரு பற்று உண்டு. எங்கள் தெருவுக்குத் தார் போட்டது, வைகையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தண்ணீர் போனது, ஆரப்பாளையம் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் முதன்முதலாக நின்றது எல்லாம் கேட்டவுடன் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அவன் ஒருவன்தான் கேட்டான்.

"நான் ஓடிப்போன வருசத்தைச் சரியாக் கண்டுபிடிச்சுக் குடுங்கண்ணே. அக்கா ஒரு தடவை ஒண்ணு சொல்லுது."

அக்காவுக்கு வருடம் தெரியவில்லை. ஆனால் அழகர் ஆற்றில் இறங்கியபோது நல்ல மழை என்றும், நனைந்த ஜமுக்காளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தம்பியை அறைந்ததாகவும் சொன்னார். மழை நனைத்த சித்திரைத் திருவிழாக்கள் எனக்குத் தெரியும். பரீட்சை முடிவு வந்த நாளையும் வைத்து வருடத்தைப் பிடித்துவிட்டோம். அவன் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அப்ப எனக்கு மீசை அரும்பிருச்சா அக்கா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான். "உனக்கா? கரியால வரைஞ்சுக்கிட்டுத் திரிஞ்ச" என்று பதில் வந்தது. தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

அக்காவின் கணவருக்கு இது ஒரு விளையாட்டு. இல்லாத கதைகளை அவிழ்த்து விடுவார்.

"மாப்ள, எங்க கல்யாணத்துல நீ பந்தியில உக்காந்து அஞ்சு எலைக்குத் தின்ன."

"போன மாசம் சொன்னப்ப நான் சாப்பிடவே இல்ல, அக்காவை அனுப்ப மாட்டேன்னு அழுதுக்கிட்டுக் கெடந்தேன்னீங்க மச்சான்."

"அழுதுக்கிட்டேதான்டா தின்ன."

அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். "அவனே ஒண்ணுந் தெரியாம இருக்கான். நீங்க வேற அவன் மண்டையில குப்பையக் கொட்டாதீங்க." பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்வார். அன்று தம்பி பந்தியிலும் உட்காரவில்லை, அழவும் இல்லை. மண்டபத்துக்கு வெளியே செருப்புகளைச் சோடி சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தானாம். "எம்புட்டு நேரம்?" என்று அவன் கேட்டான். "தாலி கட்டி முடியிற வரைக்கும்" என்றார் அக்கா. அவன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

இதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். தம்பியின் சேட்டைகளைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பவன், நல்ல குணத்தைச் சொன்னால் முகம் வாடிப்போவான். ஒரு முறை பரவையில், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரிடமும் இவன் கேள்விகளைத் தொடங்கினான்.

"நான் உன்னைய அடிச்சிருக்கேனா?"

"நீயா? எங்களைக் கிணத்துல குதிக்க விட்டுட்டு நீ மேல நின்னு எண்ணிக்கிட்டு இருப்ப. எவனாச்சும் மேல வர நேரமாச்சுன்னா அழ ஆரம்பிச்சிருவ. உன்னாலயே எங்க வீட்டுக்கெல்லாம் சேதி போயிரும்டா, பயந்தாங்கொள்ளி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான். தன் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வராத துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவனின் புத்தி அவ்வளவுதான் போனது.

விபத்து நடந்தது ஐப்பசி மழையில். வருடாவருடம் அந்த நாளில் அக்கா சேமியா பாயசம் வைத்து, தூக்குவாளியில் ஊற்றித் தெரு முழுக்க அனுப்புவார். "எந்தம்பி திரும்பி வந்த நாளுண்ணே." தம்பி பையில் கொண்டுவந்த அந்தச் சேலையை அன்று ஒரு நாள் மட்டும் உடுத்துவார். அவன் அந்த நாளில் எப்போதும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கப்பலூரிலேயே தங்கிவிடுவான். "வேலைவேலைன்னு அலையிறான், பாயசம் புளிச்சே போகுது" என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வார்.

படத்துக்கு அவனை அழைத்துப் போனது நான்தான். நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு பள்ளிக்கூட அறையை வாங்கி, திரை கட்டிப் பழைய படங்கள் பார்ப்போம். அன்று கறுப்பு வெள்ளையில் ஒரு அமெரிக்கப் படம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் அங்கே இவ்வகைப் படங்கள் நிறைய வந்தன. பாதி முகம் நிழலில் இருக்கும், தெரு ஈரமாக இருக்கும், யாரும் சொல்வதை நம்ப முடியாது. அவற்றில் கணிசமானவை நினைவை இழந்த ஆண்களைப் பற்றியவை. போரிலிருந்து வீடு திரும்பியவர்களை அவர்கள் வீட்டுக்காரர்களுக்கே அடையாளம் தெரியாமல் போனதுதான் காரணம் என்று எங்கோ படித்து, அன்று படம் தொடங்குமுன் எழுந்து அதைச் சொல்லவும் சொன்னேன். அன்றைய படத்திலும் ஒருவன் தான் யார் என்று தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறான். ஒரு குற்றவாளியைத் துரத்துகிறான். கடைசியில் ஒரு அறைக்குள் அவனுக்கு எல்லாம் பளிச்சென்று ஞாபகம் வருகிறது. அவன் துரத்திய ஆள் அவனேதான்.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் கடைசிவரை அசையவில்லை. வெளியே வந்ததும் எதிரே டீக்கடையில் நின்றோம். நல்ல வெயில். பெஞ்சில் ஆளில்லை.

"படத்துல ஒரு தப்பு இருக்குண்ணே" என்றான்.

"என்ன தப்பு?"

"ஞாபகம் அப்படிப் பளிச்சுன்னு மண்டைக்கு வராது. மொதல்ல காலுக்குத்தான் வரும்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை வைத்தான்.

"கம்பெனியில சேந்த புதுசுல, லோடு ஏத்துற வண்டி வழிய மறிச்சு நின்னுச்சு. டிரைவர் சாப்பிடப் போயிட்டாரு. சாவி தொங்குது. தள்ளி நிறுத்துவோம்னு ஏறி உக்காந்தேன். கால் தானா கிளட்சை மிதிச்சிருச்சுண்ணே. கை தானா கியர் போட்டுச்சு. கண்ணாடியப் பாத்து அம்புட்டு நீள வண்டிய ரிவர்ஸ் எடுத்துச் சந்துக்குள்ள நிறுத்திட்டேன். எறங்கி நிக்கிறேன், ஒடம்பெல்லாம் வேர்வை. ஏன்னா, அக்கா எங்கிட்டச் சொல்லியிருக்கு. அந்தப் பையனுக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது."

அந்தப் பையன் என்றான். இத்தனை வருடமாக ‘நான்’ என்றே சொல்லி வந்தவன்.

என் கையில் இருந்த கிளாஸை அவனே வாங்கிப் பெஞ்சில் வைத்தான்.

மீதியைச் சாவகாசமாகச் சொன்னான். அவன்தான் லாரியின் டிரைவர். சேலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நனைந்துகொண்டு கை காட்டிய ஒருவனை ஏற்றிக்கொண்டான். நடுங்கியவனுக்குத் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு ஓட்டினான். அந்தப் பையன், "நான் பேசிக்கிட்டே வாரேண்ணே, நீங்க தூங்காம ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பற்றியும், அக்காவுக்கு வாங்கிய சேலையைப் பற்றியும், ஓடிப்போன அன்று வாங்கிய அந்த அறையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். திண்டுக்கல் தாண்டியதும் அந்தப் பையன் தூங்கிப்போனான். அவனை எழுப்ப மனம் வரவில்லை. பேச்சு நின்றதும் இவனுக்கும் கண் அசந்தது.

ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் இழுத்து ரோட்டில் கிடத்தியிருக்கிறார்கள். காக்கி போட்டிருந்தவன் டிரைவர் என்று எழுதப்பட்டான். லாரி முதலாளி வந்து, முகம் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, சட்டையைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். டிரைவருக்கு என்று அழ யாரும் இல்லை. தத்தனேரி சுடுகாட்டில் முதலாளியே கொள்ளி வைத்துவிட்டுப் போனார்.

"எல்லாம் ஞாபகம் வந்தப்பறம் எதுக்குடா ஊர்ல ஒருத்தர் விடாம, நான் எப்படி இருந்தேன், என்ன பண்ணுனேன்னு கேட்டுக்கிட்டு இருந்த?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"அவன் எம்பக்கத்துல ஒரு ராத்திரிதானண்ணே இருந்தான். யாரைக் கொன்னேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வந்தது. வருடாவருடம், தம்பி எரிந்த அதே வாரத்தில் அக்கா தெருவுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிண்ணத்தை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்காகிட்டச் சொல்லணும்" என்றேன்.

"சொல்லத்தான் போறேன். தெனமும் அது எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். வீட்ல வச்சு முடியல. சாமி முன்னாடி சொல்லிருவேன். நீங்க கூட வாங்க."

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலை, அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு நானும் போனேன். கப்பலூரைத் தாண்டி உள்ளே, வறண்ட கண்மாய்க்கரையில் ஓர் அம்மன். சுற்றிலும் பல குடும்பங்கள் கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தார்கள். கிடாக் கறி வெந்துகொண்டிருந்தது. அக்கா பொங்கல் பானையை இறக்கி வைத்த நேரத்தில் அவன் அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தான். டீக்கடையில் என்னிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. தான் தூங்கியதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தரம் சொன்னான்.

அக்காவின் கணவர் முதலில் சிரித்தார். "மாப்ள, வேற கதை கெடைக்கலையா உனக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். "யார்றா நீ? டேய், யார்றா நீ? வா, ஸ்டேசனுக்கு." அவன் எழுந்து அவரோடு போகத் தயாராக நின்றான். பக்கத்து அடுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மட்டும் அசையவில்லை. பானையின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "அவனை விடுங்க" என்றார். "மண்டையில அடிபட்டவன். இப்படித்தான் மாத்தி மாத்திக் கொழம்பும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. ஆத்தாகிட்ட வந்து நிக்கிறோம். பூக்கட்டிக் கேட்டுருவோம். இவன் எந்தம்பின்னா வெள்ளை வரட்டும். இல்லைன்னா செவப்பு வரட்டும். அப்பறம் நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன்."

பெண் பார்ப்பதிலிருந்து ஆபரேஷன் வரை அந்தப் பக்கத்தில் இப்படிக் கேட்பார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ என இலைத் துண்டில் வைத்து மடித்து நாரால் கட்டிய, ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொட்டலங்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த நிறம்தான் சாமி சொன்ன பதில். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கணவருக்கும் அது சரியாகப் பட்டது. சட்டையை விட்டுவிட்டார்.

அக்கா கோயிலுக்குப் பின்னால் போய்ப் பூப்பறித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, விபூதி தூவி, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதே விட்டார். "மன்னிச்சிரு மாப்ள. சாமியே சொல்லிருச்சுடா. நீ நம்ம பயதான்டா." கட்டிப் பிடித்துக்கொண்டார். அவன் அந்தப் பிடிக்குள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாய் திறந்தபடி நின்றான். ஒரு மனிதன் தன் குற்றத்தைச் சொல்லி, அதைத் தெய்வமே மறுத்துவிட்டால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். மறுபடி பார்க்க விரும்பவில்லை.

பிரிக்காத பொட்டலத்தைப் பூசாரி வெளியே வேப்பமரத்தடியில் எறிந்தார். நேர்ந்துவிட்ட கிடா ஒன்று வந்து இலையை வாயால் இழுத்தது. நார் அறுந்தது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். உள்ளே இருந்ததும் நந்தியாவட்டைதான்.

கிடா பூவையும் தின்று முடித்தது. நான் அக்காவிடம் போனேன். இலைகளைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா?" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஸ்டேசன்ல குடுத்தா ஜெயிலுக்குப் போவான். கொஞ்ச வருசத்துல எல்லாம் தீந்துச்சுன்னு வெளிய வந்துருவான்ணே. எந்தம்பிய எடுத்துட்டான்ல? அப்ப எந்தம்பியாவே இருந்துட்டுப் போகட்டும். சாகுற வரைக்கும்."

பிறகு நிமிர்ந்து, எப்போதும் மாடிப்படியில் நின்று கூப்பிடும் அதே குரலில், "டேய் தம்பி, சோறு ஆறுது பாரு, வாடா" என்றார்.

அவன் வந்தான். அக்கா போட்ட இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவர் சோறு வைத்தார், எலும்பில்லாத கறியாகப் பொறுக்கி வைத்தார், குழம்பை ஊற்றினார். அவன் சாப்பிடச் சாப்பிட மறுபடி வைத்தார். அவர் வைப்பதை நிறுத்தவில்லை. அவனும் போதும் என்று சொல்லவில்லை.